இரும்பை ருசி பார்த்த காலம்

நுரைச்சோலைப் பக்கத்து இரும்பு முதலில் கரிக்கும், பிறகு கைக்கும். முந்தலில் இறால் பண்ணைகளின் மதகு இரும்பு புளிக்கும். பழுக்காத புளியங்காயைக் கடித்த மாதிரிப் பல்லின் வேர் வரைக்கும் கூசும். கடலைப் பார்த்து நிற்கும் இரும்பில் உப்பு மேலோடு இருக்கும், நாலு வாளித் தண்ணீரில் போய்விடும். களப்பை, அந்தக் கடலேரியைப் பார்த்து நிற்கும் இரும்பில் அப்படியில்லை. அங்கே உப்பு உள்ளுக்குள் குடியிருக்கும். எழும்பிப் போகச் சொன்னால் முன்வாசலால் போய்ப் பின்வாசலால் வரும்.

இதையெல்லாம் நான் எங்கேயும் படித்துச் சொல்லவில்லை. நக்கிப் பார்த்துச் சொல்கிறேன். இருபது வருடத்துக்கு மேலாக இந்தக் கரையோரத்து இரும்பை நக்கியவன் நான். இப்போது அந்த ருசிகளில் ஒன்றுகூட என்னிடம் மிச்சமில்லை. வீட்டை விற்றுவிட்டுப் போனவன் அதன் யன்னல்களை எண்ணிப் பார்ப்பது போல, படுத்துக்கொண்டு ஒவ்வொன்றாக எண்ணிப் பார்க்கிறேன். எந்த மதகு, எந்தக் கம்பம், எந்தப் பாலத்தின் எந்தக் கால்.

என் தொழில் இரும்புக்குப் பெயின்ட் அடிப்பது. சொன்னால் சின்ன வேலையாகத்தான் தெரியும். ஒரு பிரஷ், ஒரு டின், ஒரு ஏணி. ஆனால் உப்புக் காற்றிலும் புளித்த சேற்றிலும் வாழ்நாள் முழுக்க நிற்கப்போகிற இரும்புக்கு அடிப்பது வேறு சங்கதி. முதலில் பழைய பெயின்ட்டையும் துருவையும் காற்றழுத்தத்தில் கருமணல் அடித்து உரிக்க வேண்டும். உரித்து முடிந்ததும் இரும்பு மழைக்கு முந்திய மேகத்தின் நிறத்துக்கு வரும். அந்த நிறத்தை நான் இரும்பின் பிறந்த மேனி என்று சொல்வேன். பிறகு நல்ல தண்ணீரில் கழுவிக் காயவிட்டு, மெல்லிசாக இன்னொரு தடவை மணல் அடிக்க வேண்டும். அதற்குப் பிறகு சிங்க் பிரைமர். அதன் மேல் தடித்த எபொக்ஸி. அதன் மேல் வெயிலைத் தாங்குகிற கடைசிக் கோட். மூன்று சட்டை போட்டுத்தான் இரும்பை இந்தக் காற்றில் விடலாம்.

பிறந்த மேனிக்கும் முதல் சட்டைக்கும் நடுவில் இருந்தது என் நாக்கு.

ஏனென்றால் உப்பு கண்ணுக்குத் தெரியாது. இரும்பு பளபளவென்றுதான் இருக்கும். அந்த உப்பின் மேல் எவ்வளவு நல்ல பெயின்ட்டை அடித்தாலும், அது உள்ளே இருந்துகொண்டு காற்றில் உள்ள ஈரத்தை இழுக்கும். சில மாதத்தில் கொப்புளம் போடும். நகத்தால் கிள்ளினால் தண்ணீர் தெறிக்கும், அடியில் இரும்பு கறுத்துக் கிடக்கும். மேலே சட்டை புதிது, உள்ளே உடம்பு அழுகல்.

நாக்கைத் தொழிலுக்கு எடுத்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. கலியாணம் முடித்த புதிது. நுரைச்சோலைக்குப் போகிற வழியில், ஒரு சின்னக் கொந்தராத்துக்காரரின் முற்றத்தில் கூரைச் சட்டங்களுக்கு அடித்திருந்தோம். மணல் அடித்த இரும்பை ஒரு இரவு கடற்காற்றில் விட்டுவிட்டு மறுநாள்தான் பிரைமர் போட்டோம். ஆறு மாதத்தில் சட்டம் முழுக்க அம்மை வார்த்த மாதிரிக் கொப்புளம். பெயின்ட் சரியில்லை என்றார் கொந்தராத்துக்காரர். ஆட்கள் சரியில்லை என்றார் பெயின்ட் விற்றவர். அவர்கள் கதைத்துக்கொண்டிருக்கும்போது நான் ஒரு கொப்புளத்தை உடைத்து, நனைந்த விரலை நாக்கில் வைத்தேன். ஏன் வைத்தேன் என்று கேட்டால் தெரியாது. வாப்பா புத்தளத்து உப்பளத்தில் வேலை செய்த காலத்தில், வரம்பில் நடந்தபடி பாத்தித் தண்ணீரைத் தொட்டுத் தொட்டு நக்கிய கை அது. தானாகப் போயிற்று.

உப்பு. வெறும் கடல் உப்பு. சண்டை பிடித்த இரண்டு பேரும் தங்கள் விரலையும் நக்கிப் பார்த்தார்கள்.

அதிலிருந்து அது எங்கள் வழக்கமாகிவிட்டது. கழுவிய இரும்பில் ஈரவிரலால் ஒரு சாண் தேய்த்து, நுனிநாக்கில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு நிற்பேன். கழுவப்போகிற தண்ணீரையும் அப்படியே பார்ப்பேன். வேலை நாட்களில் விடிந்ததிலிருந்து போத்தல் தண்ணீர் மட்டும்தான் குடிப்பேன், வெற்றிலை இல்லை, கருவாடு இல்லை. நாக்கை வெறுமையாக வைத்திருக்க வேண்டும். ஒன்றும் தெரியாவிட்டால் "ம்" என்பேன். அந்த "ம்" வந்தால்தான் பிரைமரைக் கலப்பார்கள். இரண்டு டின்னில் வருகிற சாமான் அது. ஒன்றாகக் கலந்துவிட்டால் திரும்பப் பிரிக்க ஏலாது. சில மணித்தியாலத்தில் கல்லாகிவிடும். ஆகவே என்னுடைய "ம்" எங்கள் செட்டில் சின்னச் சொல் அல்ல.

சிங்கள மாத்தயா ஒருவர், பெரிய பொறியியலாளர், சந்திக்கும்போதெல்லாம் கையை நீட்டி, "லுணு தியெனவத, பாஸ்?" என்று உப்பிருக்கிறதா கேட்பார், தன் உள்ளங்கையை நக்கிப் பார்க்கச் சொல்வது போல. நோன்பு மாதத்தில் பகிடி இன்னும் கூடிவிடும். இரும்பை நக்கினால் நோன்பு முறியுமா என்று பையன்கள் பந்தயம் கட்டி, கடைசியில் மௌலவியிடமே போய்க் கேட்டார்கள். அவர் சிரித்துவிட்டு, கஞ்சிக்கு உப்புப் பார்க்கிற பெண்கள் எப்படியோ அப்படித்தான், ருசி பார்த்துத் துப்பிவிடச் சொல்லுங்கள் என்றார். அந்த மாதம் முழுக்க, பின்னேரம் வீட்டில் என் மனைவி கஞ்சிக்கு உப்புப் பார்த்துத் துப்புவாள். பகலில் நான் கம்பத்தில் உப்புப் பார்த்துத் துப்பியிருப்பேன். ஒரே வீட்டில் இரண்டு பேருக்கு ஒரே உத்தியோகம் என்று அவள் சொல்வாள்.

பிறகு கொரோனா வந்தது.

ஊரில் எல்லாருக்கும் வந்தது போலத்தான் எனக்கும் வந்தது. காய்ச்சல், இருமல், நாக்கில் பஞ்சு ஒட்டினது போல ஒரு மரப்பு. மற்றவர்களுக்கு இரண்டு கிழமையில் திரும்பி வந்தது. எனக்கு ஒரு மாதம் கழித்து இனிப்பு வந்தது, பிறகு உறைப்பு வந்தது. உப்பு வரவில்லை. புளி வரவில்லை. நாளைக்கு வரும் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். பெரிய பெருநாளைக்கு வரும் என்று நினைத்தேன், அதுவும் போயிற்று. ஒருநாள் யாரும் இல்லாத நேரம் குசினிக்குள் போய் உப்புப் போத்தலில் கையை விட்டு ஒரு பிடி அள்ளி வாயில் போட்டேன். மணல் தின்றது போல இருந்தது. வாயைக் கொப்பளித்துவிட்டு வெளியே வந்து, ஒன்றும் நடக்காதவன் போலப் பேப்பர் படித்தேன்.

யாரிடமும் சொல்லவில்லை. நாக்கு இல்லாத பெயின்ட் பாஸை யார் வேலைக்குக் கூப்பிடுவார்கள் என்பது ஒரு காரணம். சொன்னால் அது உண்மையாகிவிடும் என்பது மற்றது.

அந்த நேரம் பார்த்துத்தான் கரைத்தீவு வேலை வந்தது.

கரைத்தீவு என் மனைவியின் ஊர். அவளுடைய ஊர் என்று சொல்கிறேன். அவள் பிறந்தது வடக்கில். தொண்ணூறில் அங்கிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது, இரண்டு பையோடு தாய் தகப்பன் கூட்டிக்கொண்டு வந்த பிள்ளை அவள். களப்போரத்தில் கிடுகுக் கொட்டில், பிறகு தகரம், பிறகு கல்வீடு என்று அந்தக் குடியேற்றம் வளர்ந்ததோடு தானும் வளர்ந்தவள். எல்லாம் வந்தது, தண்ணீர் வரவில்லை. கிழமைக்கு இரண்டு தரம் தண்ணீர் லொறி, பவுசர் வரும். கேன்களை வரிசையாக வைத்துவிட்டுச் சனம் நிழலில் நிற்கும். நான் பெண் பார்க்க வந்தபோதுகூட அவள் வரிசையில்தான் நின்றாள் என்பது எங்கள் வீட்டுப் பகிடி.

அங்கே நாலு இரும்புக் கால்களில் ஒரு தண்ணீர்த் தாங்கி நின்றது. எப்போதோ கட்டி, குழாய் வராமல், அப்படியே விட்டுப்போனது. குழாய் வந்துசேர்வதற்குள் கால்கள் துருவேறிவிட்டன. பரிசோதிக்க வந்தவர்கள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள்: மாரி தொடங்குமுன் கால்களை முறையாக உரித்துப் பெயின்ட் அடித்துத் தந்தால் தாங்கி நிற்கும், தண்ணீர் ஏற்றுவோம். இல்லையென்றால் கால்களைக் காஸால் வெட்டி இறக்கிவிடுவோம். அதற்குப் பிறகு புதிதாக ஒன்று எப்போது வரும் என்று அவர்களுக்கே தெரியாது. சனத்துக்குத் தெரிந்தது ஒன்றுதான்: இது போனால் திரும்பவும் பவுசர்.

என் மனைவியின் தம்பி, எனக்கு மச்சான், அவனுக்கு நானும் மச்சான், எங்கள் செட்டில்தான் வேலை. பிரைமர் கலப்பவன் அவன்தான். பள்ளிவாசல் முற்றத்தில் ஊர்ப் பெரியவர்கள் கூடி, கொழும்பிலிருந்து ஆட்களைக் கூப்பிடுவோமா என்று யோசித்தபோது அவன் எழும்பி நின்று, என் மச்சானின் நாக்குக்கு மேலே கொழும்பில் மெஷின் இல்லை என்று சொல்லியிருக்கிறான். அதைக் கேட்டுத்தான் வேலையை எங்களுக்குத் தந்தார்கள். எனக்கு அதைச் சொல்லும்போது அவனுக்கு முகமெல்லாம் சிரிப்பு. நானும் சிரித்தேன்.

அப்போதே சொல்லியிருக்கலாம். இன்றைக்கும் அந்த இடத்தில் வந்துதான் நினைப்பு நிற்கிறது.

மணல் அடித்து நாலு கால்களையும் உரித்தோம். களப்பிலிருந்து காற்று வந்துகொண்டே இருந்தது, சேற்று வாசனையோடு என்று பையன்கள் சொன்னார்கள். பவுசர் வருகிற நாளல்ல. கழுவுவதற்குத் தண்ணீர் எங்கே என்று கேட்டபோது பள்ளிவாசல் கிணற்றைக் காட்டினார்கள். ஊரிலுள்ள மற்றக் கிணறுகளோடு பார்த்தால் அது சர்பத் என்றார்கள். பவுசர் தண்ணீரைக் குடிக்க வைத்துக்கொண்டு, தேத்தண்ணிக்கும் சமையலுக்கும் அங்கிருந்துதான் எல்லாரும் அள்ளுவார்கள். எனக்கு மட்டும் மாமி வீட்டில், மருமகன் என்று, எப்போதும் பவுசர் தண்ணீரில்தான் தேத்தண்ணி. மச்சான் ஒரு கை அள்ளிக் குடித்துவிட்டு, நல்ல தண்ணி மச்சான், என்றான். நானும் வழக்கம்போல விரலை நனைத்து நாக்கில் வைத்தேன். ஒன்றும் இல்லை.

முன்பெல்லாம் ஒன்றும் இல்லை என்றால் நிம்மதி. இப்போது கடலையே நக்கினாலும் ஒன்றும் இல்லை. அந்த இரண்டு இல்லைக்கும் வித்தியாசம் தெரியாதவன் நான் ஒருவன்தான் என்பதுகூட அங்கே யாருக்கும் தெரியாது.

கழுவினோம். காயவைத்து, மெல்லிசாக மணல் அடித்தோம். மச்சான் இரண்டு டின்களையும் திறந்து வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தான். நான் முதல் காலில் விரலைத் தேய்த்து, நாக்கில் வைத்து, கண்ணை மூடினேன். வழக்கத்தை விடக் கொஞ்ச நேரம் கூடுதலாகவே மூடியிருந்தேன். பொய் சொல்கிறவன் எதையும் கொஞ்சம் கூடுதலாகத்தான் செய்வான். பிறகு "ம்" என்றேன். பின்னேரத்துக்குள் இரண்டு கால்களுக்குப் பிரைமர் போட்டு முடித்தோம்.

அன்றைக்குத்தான் மேற்பார்வைக்கு இஞ்சினியர் மிஸ் வந்தார். மலைநாட்டுப் பிள்ளை, படித்து முடித்துக் கொஞ்ச நாள்தான் இருக்கும். பாதுகாப்புத் தொப்பி தலையை விடப் பெரிது. ஏணியில் எல்லாருக்கும் முன்னே ஏறினார். பெயின்ட்டின் தடிப்பை அளந்து எழுதிக்கொண்டார். உப்புப் பார்க்கிற கருவி அவருடைய வாகனத்தில் இருந்ததாம். பாஸின் நாக்கே பார்த்துவிட்டது என்று ஊரே சொன்னதால் அதை இறக்கவில்லை. பக்கத்து வீட்டிலிருந்து இஞ்சி போட்ட தேத்தண்ணி வந்தது. ஒரு மிடறு குடித்தார். முகம் சற்று நின்றது. சிரித்துக்கொண்டே கப்பை ஏணியின் அடியில் வைத்துவிட்டு வேலையைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினார். திரும்ப எடுக்கவில்லை. நான் அந்தக் கப்பைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். நல்ல பிள்ளை, சூடு போதவில்லையாக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் வீடு வந்து சேரும் வரைக்கும் மோட்டார் சைக்கிளில் அந்தக் கப்பும் என்னோடு வந்தது.

மறுநாள் வெள்ளிக்கிழமை. ஜும்ஆ முடிந்து நானும் மச்சானும் அவர்கள் தாய் வீட்டுக்குச் சாப்பிடப் போனோம். என் மனைவி காலையிலேயே வந்து சமைத்திருந்தாள். சோறு, பாரை மீன் ஆணம், முருங்கைக்கீரைச் சுண்டல். நான் இரண்டு வாய் உண்டுவிட்டு நல்லாயிருக்கு என்றேன். அந்தச் சொல் அப்போதெல்லாம் எனக்கு மூச்சு விடுவது மாதிரி.

மச்சான் முதல் வாயை மெல்லாமல் வைத்திருந்தான்.

"ராத்தா, ஆணத்துக்கு உப்புப் போட மறந்திட்டீங்களா?"

அவள் அவனைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"மறக்கல்ல தம்பி. மூண்டு நாளா இவருக்கு உப்பில்லாமத்தான் தாறன். மூண்டு நாளும் நல்லாயிருக்கு எண்டுதான் சொன்னவர்."

வீட்டில் தனியாகக் கேட்டிருந்தால் நான் சமாளித்திருப்பேன். அது அவளுக்குத் தெரியும். தம்பி பக்கத்தில் இருக்கிற நேரமாகப் பார்த்துத்தான் வைத்திருக்கிறாள். மச்சானுக்கு முதலில் பகிடிதான் வந்தது. கட்டினவளுக்கு ஐஸ் வைக்கிறதுக்கும் ஒரு அளவிருக்கு மச்சான் என்று என்னவோ தொடங்கினான். பாதியில் நின்றுவிட்டான். அவனுடைய கை சோற்றிலேயே இருந்தது. முகத்தில் இருந்த சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிப் போனதைப் பார்த்தேன்.

"அப்ப அந்த ரெண்டு காலும்?"

அவன் எழும்பிக் கையைக் கழுவினான். அவள் உப்புச் சிமிழைக் கொண்டுவந்து என் பக்கத்தில் வைத்துவிட்டு உட்கார்ந்தாள். எத்தனை மாதமாக என்று கேட்டாள். சொன்னேன். என்னிடம்கூடச் சொல்லவில்லையே என்று அவள் கேட்கவில்லை. அதைக் கேட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

கிணற்றடியில் நின்ற மச்சானிடம் போனேன். மறைக்கலாம் என்றால் மறைக்கலாம். மேலே இன்னும் இரண்டு கோட் வரப்போகிறது. கொப்புளம் வர ஒரு மாரியாவது ஆகும். அதற்குள் தண்ணீர் ஏற்றிவிடுவார்கள். அதைப் பற்றி நாங்கள் இரண்டு பேருமே வாய் திறக்கவில்லை, ஆனால் இரண்டு பேருமே அதைத்தான் யோசித்தோம் என்று எனக்குத் தெரியும். தண்ணீர் நிறைந்த தாங்கி, அதன் கீழே உள்ளுக்குள் அழுகுகிற கால், அந்த நிழலில் கேனோடு போகிற சனம். நான் போனை எடுத்து மிஸ்ஸுக்கு அடித்தேன்.

சனிக்கிழமை காலை அவர் அந்தக் கருவியோடு வந்தார். தீப்பெட்டி அளவில் ஒரு ஒட்டுத்துண்டு. பிரைமர் போடாத மூன்றாவது காலில் அதை ஒட்டி, ஊசியால் சுத்தமான தண்ணீரை உள்ளே விட்டு, திரும்ப இழுத்து, சின்ன மெஷினில் வைத்தார். இலக்கம் ஏறிக்கொண்டே போய் நின்றது. அவர் அதை வாயால் சொல்லாமல், திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார். பள்ளிவாசல் கிணற்றுத் தண்ணீரையும் பார்க்கச் சொன்னேன்.

"அத பாக்கவே வேணாம் பாஸ்," என்றார். "மொதல் நாள் தேத்தண்ணியிலயே எனக்கு உப்பு தெரிஞ்சிச்சி. இந்தப் பக்கம் எல்லாரும் இப்பிடித்தான் குடிப்பாங்கன்னு நெனச்சிட்டேன். கேட்டா தப்பா எடுத்துக்குவீங்களோன்னு..."

ஊர் முழுக்க ஒருவரும் பொய் சொல்லவில்லை. முப்பது வருடத்துக்கு மேலாக அந்தத் தண்ணீரில் தேத்தண்ணி குடித்த நாக்குகளுக்கு அது நல்ல தண்ணீர்தான். மச்சானின் நாக்கும் பையன்களின் நாக்குகளும் அங்கேதான் வளர்ந்தன. உப்பை உப்பென்று சொல்ல எங்களில் இருந்தது ஒரே ஒரு நாக்கு. அதுவும் என் வாயில் செத்துக் கிடந்தது.

அன்று அஸர் தொழுகை முடிந்து பள்ளிவாசல் முற்றத்தில் கூடிய ஊரார் முன்னால் மச்சான் எழும்பப் போனான். அவன் வாக்குக் கொடுத்த அதே இடம். நான் அவன் தோளைப் பிடித்து உட்காரவைத்துவிட்டு எழும்பினேன். நாக்கு போன கதையைச் சொன்னேன். இரண்டு கால்களையும் திரும்ப உரிக்க வேண்டும் என்றேன். கழுவ உப்பில்லாத தண்ணீர் வேண்டும், அது பவுசர் தண்ணீர் மட்டும்தான் என்றேன். மாரிக்கு முன் முடிக்க வேண்டுமென்றால் திங்கட்கிழமை வருகிற பவுசர் முழுவதும் வேண்டும்.

அது அவர்களுடைய குடிதண்ணீர்.

பின்வரிசையில் இருந்த கடைக்காரர், மச்சானோடு பள்ளிக்கூடம் போனவர், அவனைப் பார்த்துச் சொன்னார்: "நாக்கில்லாத மச்சானையா ஊருக்குக் கூட்டிக்கொண்டு வந்தனி?"

சிலர் சிரித்தார்கள். மச்சான் திரும்பாமலே சொன்னான்.

"நாக்கில்லாட்டியும் மனிசன் தானா எழும்பிச் சொல்லுறார் தானே. உன்ட தராசு ஒருநாளாவது எழும்பிச் சொல்லியிருக்கா?"

இந்தத் தரம் சிரித்தவர்கள் அதிகம். கடைக்காரரும் சிரித்தார். அதற்குள் யாரோ பெரியவர், பவுசரை எடுங்கள், ஒரு நாள்தானே என்றார். அதோடு முடிந்தது. பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல் மட்டும், கோபத்தோடு அல்ல, ஏதோ பறிபோன மாதிரி, "எங்கட கிணறு உப்பாமா?" என்று கேட்டது.

திங்கட்கிழமை பவுசர் தாங்கியின் கீழே வந்து நின்றது. கேன்கள் இல்லாத வரிசை ஒன்றும் நின்றது. சனம் சும்மா பார்க்க வந்திருந்தது. இரண்டு கால்களையும் நாங்கள் ஞாயிறன்றே உரித்து வைத்திருந்தோம். ஹோஸைத் திறந்தபோது, தெளிந்த தண்ணீர் இரும்பின் மேல் வழிந்து, துவாரங்களில் சுற்றி, மணலில் இறங்கிப் போனது. ஒரு பிள்ளை அந்த ஓடையில் காலை வைத்தது, தாய் இழுத்துக்கொண்டாள். என் மனைவியும் அந்த வரிசையில் நின்றாள். கலியாணத்துக்கு முன் நின்ற அதே வரிசை. ஒவ்வொரு வாளிக்கும் எத்தனை வீட்டுச் சோறு என்று அவள் கணக்குப் போட்டுக்கொண்டிருப்பாள் என்று நினைத்தேன். பார்த்தால், கழுவாத ஒரு மூலையை எனக்குக் கைகாட்டிக்கொண்டிருந்தாள்.

காய்ந்தது. மெல்லிசாக மணல் அடித்தோம். மிஸ் ஒவ்வொரு காலிலும் ஒட்டுத்துண்டு ஒட்டினார். இலக்கம் கொஞ்சம் அசைந்து, அடங்கி நின்றது. நல்லா இருக்கு, அடிக்கலாம் என்றார்.

யாரும் அசையவில்லை.

மச்சான் இரண்டு டின்களையும் திறந்து வைத்துக்கொண்டு நின்றான். கலக்கவில்லை. பையன்கள் பிரஷ்ஷோடு நின்றார்கள். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். கிண்டலுக்காக இல்லை, இருபது வருடத்துப் பழக்கம், கண் தானாக இந்தப் பக்கம் வந்துவிட்டது. நான் காலடிக்குப் போய் விரலைத் தேய்த்தேன். நாக்கில் வைத்தேன். இந்தத் தரம் கண்ணை மூடவில்லை.

"எனக்கு ஒண்டும் தெரியல்ல மச்சான்," என்றேன்.

மச்சான் என்னையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு தன் விரலைத் தேய்த்து நக்கினான்.

"எனக்கும் தெரியல்ல. எனக்குத் தெரிஞ்சாத்தான் அதிசயம்." மிஸ் பக்கம் திரும்பினான். "மிஸ், குறை நினைக்காதீங்க. இந்த இடத்தில உப்புத் தெரிஞ்ச நாக்கு உங்கடதுதான் இருக்கு. ஒருக்கா நக்கிச் சொல்லுங்க, நாங்க கலக்குறம்."

மெஷினே சொல்லிவிட்டதே என்று மிஸ் சொல்லப் பார்த்தார். பிறகு எங்கள் முகங்களைப் பார்த்தார், கழுத்தை நீட்டிக்கொண்டு நின்ற சனத்தைப் பார்த்தார். கையுறையைக் கழற்றினார். விரலைத் தேய்த்து, மருந்து குடிக்கிற பிள்ளை போல முகத்தைச் சுளித்துக்கொண்டு நாக்கில் வைத்தார். நான் சொல்லாமலே கண்ணை மூடினார்.

"ம்," என்றார்.

மச்சான் கலக்கத் தொடங்கினான்.

மாரி வருவதற்கு நாலு நாளைக்கு முன் கடைசிக் கோட் முடிந்தது. அதற்குப் பிறகு சில மாரி போய்விட்டது. ஒரு கொப்புளம் இல்லை. நான் இப்போது நாக்கை நம்பி வேலை எடுப்பதில்லை, அந்தச் சின்ன மெஷின் ஒன்றை வாங்கிவிட்டேன். அது பிழையில்லாமல் சொல்கிறது. எவ்வளவு உப்பு என்று சொல்கிறது. எந்த உப்பு என்று சொல்லாது. முந்தல் மதகின் புளிப்பு, நுரைச்சோலையின் கைப்பு, களப்பின் அந்தப் பிடிவாதம், இவை ஒன்றும் அதன் திரையில் வருவதில்லை. சில நாட்களில் வேலை முடிந்து வரும்போது, வாய்க்குள் அவற்றைத் தேடுவேன். பெயர் நினைவில் இருக்கிறது, முகம் வருவதில்லை.

கரைத்தீவில் குழாயில் தண்ணீர் வந்தது. வந்த முதல் கிழமையே சனம் குறை சொல்லத் தொடங்கிவிட்டது: தேத்தண்ணி சப்பென்று இருக்கிறதாம். இப்போதும் அங்கே பல வீடுகளில் குடிக்கக் குழாய், தேத்தண்ணிக்குப் பள்ளிவாசல் கிணறு. நான் போனால் மச்சான் இரண்டு கப் கொண்டுவந்து வைத்து, எது கிணறு எது குழாய் என்று கேட்பான். பிள்ளைகள் சுற்றி நிற்பார்கள். நான் கண்ணை மூடி, இரண்டையும் ருசி பார்த்து, ஒன்றைக் காட்டுவேன். பெரும்பாலும் பிழைக்கும். என் மனைவிதான் எல்லாரையும் விடக் கூடுதலாகச் சிரிப்பாள்.

வெளிக்கிடும்போது தாங்கியின் கீழே மோட்டார் சைக்கிளை நிறுத்துவேன். மூன்றாவது காலில், பெயின்ட்டின் மேல், காற்றில் வந்து படிந்ததை விரலால் தேய்த்து நாக்கில் வைப்பேன். தூரத்திலிருந்து மச்சான் கேட்பான்.

"இருக்கா மச்சான்?"

"தெரியல்ல," என்று கத்திச் சொல்லிவிட்டு, சைக்கிளைக் கிளப்புவேன்.